தோலில் தொடங்கிச் சிறுநீரகத்தில் முடியும் வைட்டமின்

2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்த மருத்துவர் டயான் கேமனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களில் லூபஸ் நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 123 பேரையும் அதே பகுதியைச் சேர்ந்த நோயற்ற 240 பேரையும் எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். லூபஸ் உள்ளவர்களில் 22 பேருக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 நானோகிராம்கூட இல்லை. சாதாரணப் பற்றாக்குறை என்று சொல்லிக் கடந்துவிட முடியாத அளவு அது.

அந்த 22 பேரிடம் பொதுவாக இருந்தது என்ன என்று தேடியபோது இரண்டு விஷயங்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று, சிறுநீரகப் பாதிப்பு. இன்னொன்று, வெயில் பட்டால் உடம்பு தாங்காத தன்மை. புள்ளியியலார் வாய்ப்பு விகிதம் என்று சொல்லும் கணக்கில் முதலாவது 13.3, இரண்டாவது 12.9. இருபத்திரண்டே பேரை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. ஆனால் அவை காட்டிய இடங்கள் கவனத்துக்குரியவை. மனித உடம்பில் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும் இடம் தோல். அது செயல்படும் வடிவம் பெறும் இடம் சிறுநீரகம். லூபஸ் கை வைத்திருந்தது சரியாக இந்த இரண்டு இடங்களில்தான்.

லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தச் செல்களையே அந்நியர் என்று கருதித் தாக்கும் நோய். குறிப்பாக, செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவுக்கும் அதைச் சார்ந்த புரதங்களுக்கும் எதிராக எதிர்ப்புரதங்கள் உருவாகின்றன. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். மூட்டு வலி, முடி கொட்டுதல், கன்னங்களில் மூக்கின் குறுக்கே படரும் சிவந்த தடிப்பு, விடாத களைப்பு என்று ஆளுக்கொரு முகம் காட்டும் நோய் இது. அதனால் சரியான மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் பலருக்கு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இவர்களில் பத்தில் நான்கு பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் இது கூடுதல். எதிர்ப்புரதங்களும் அவை பற்றிக்கொண்ட உட்கருத் துணுக்குகளும் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்ணிய வடிப்பான்களில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும். பல சமயம் இவை எதுவுமே தெரியாது. சிறுநீரில் புரதம் போகிறது என்று ஆய்வகச் சீட்டு வந்த பிறகுதான் விஷயம் புரியும். பயாப்ஸி செய்து, அதாவது சிறுநீரகத் திசுவில் ஒரு துணுக்கை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, ஆறு வகைகளில் எது என்று முடிவு செய்து சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

அந்த இரண்டு இடங்களில் முதலில் தோலைப் பார்ப்போம். சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட புற ஊதா பி கதிர்கள், தோலில் இருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருள் ஒன்றை உடைத்து வைட்டமின் டியின் முன்வடிவமாக்குகின்றன. உடல் சூடே மீதி வேலையை முடித்துவிடும். ஆரோக்கியமானவருக்கு இதைவிட எளிதான வைட்டமின் கிடையாது. லூபஸ் உள்ளவருக்கோ இதே கதிர்கள்தான் வினை. புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களைச் சாகடிக்கும்போது உட்கருப் பொருட்கள் வெளியே வந்து விழுகின்றன. ஏற்கெனவே உட்கருவைப் பகையாகப் பார்க்கும் எதிர்ப்பு அமைப்புக்கு இதைவிட வேறு தூண்டுதல் தேவையில்லை. தோலில் தடிப்பு வருவதோடு நிற்காமல், மூட்டும் சிறுநீரகமும் சேர்ந்து சீறுவதுண்டு. அதனால்தான் குடை, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், உச்சி வெயிலில் வெளியே போகாமை ஆகியவை லூபஸ் சிகிச்சையின் பகுதியாகவே சொல்லப்படுகின்றன.

பேருந்திலும் காரிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும். ஆனால் புற ஊதா ஏ கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விடும். லூபஸ் தோலை இரண்டுமே சீண்டக்கூடியவை. வைட்டமின் டியை உண்டாக்குவதோ முதலாவது மட்டும். ஆகக் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் நன்மை வடிகட்டப்பட்டு, தீமை மட்டும் வந்து சேருகிறது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இந்தப் பேச்சே எழாது என்றும் நினைத்துவிட முடியாது. திருப்பதியில் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, லூபஸ் எதுவும் இல்லாத ஆரோக்கியமான தென்னிந்தியர்களைப் பற்றியது. வயலில் வேலை செய்யும் கிராமத்தாருக்கு நகரத்தாரைவிட அளவு மேலாகவே இருந்தது. ஆனாலும் அங்கேயும் பற்றாக்குறை பரவலாக இருந்தது, பெண்களிடம் இன்னும் கூடுதலாக. நிறம் கூடிய தோலில் மெலனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். உடை, வீட்டுக்குள் கழியும் பகல், கால்சியம் குறைந்த உணவு என்று மற்றவையும் சேர்ந்துகொள்கின்றன. இந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு லூபஸ் வந்து, வெயிலில் போகாதே என்ற அறிவுரையும் சேர்ந்தால் இருப்பு எங்கே போகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

தோலில் உருவான வைட்டமின் டி அப்படியே பயன்படாது. கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. இது ரத்தத்தில் இரண்டு மூன்று வாரம் தங்கும் சேமிப்பு வடிவம். ஆய்வகங்கள் அளப்பது இதைத்தான். இந்தச் சேமிப்பைச் செயல்படும் வடிவமாக மாற்றுவது யார் என்பது 1970 வரை தெளிவாகத் தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எலும்பு நோய் வருவதும், வழக்கமான அளவில் வைட்டமின் டி கொடுத்தால் அது கேட்காததும் மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த புதிர். அந்த ஆண்டு கேம்பிரிட்ஜில் டேவிட் ஃப்ரேசரும் எகான் கோடிசெக்கும் எலிகளின் சிறுநீரகங்களை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். செயல்படும் வடிவம் உருவாகவே இல்லை. மறுபுறம், சிறுநீரகத் திசு தன்னந்தனியாகச் சோதனைக் குழாயில் அதைச் செய்துகாட்டியது. புதிர் அவிழ்ந்தது. அடுத்த ஆண்டே அந்தப் பொருளின் வேதி அமைப்பும் தெரிந்துவிட்டது. இன்று அதைக் கால்சிட்ரியால் என்கிறோம். குடலில் கால்சியத்தை உறிஞ்ச வைப்பதும் எலும்பைக் காப்பதும் இதுதான். வைட்டமின் என்று பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டாலும், நடத்தையில் இது ஒரு ஹார்மோன்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். சேமிப்பு வடிவம் ரத்தத்திலிருந்து நேராகச் சிறுநீரகச் செல்லுக்குள் ஊறிப் போய்விடும் என்பது பாடப்புத்தக நம்பிக்கை. 1999-இல் ஆண்டர்ஸ் நிக்கேர், தாமஸ் வில்னோ ஆகியோரின் குழு அதைத் திருத்தியது. வைட்டமின் டி ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. அதற்கென்றே உள்ள ஒரு பிணைப்புப் புரதத்தைப் பற்றிக்கொண்டு பயணம் செய்கிறது. இந்த ஜோடி சிறுநீரக வடிப்பானில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து சிறுநீர்ப் பக்கம் போகிறது. அங்கே குழாய்ச் செல்களின் சுவரில் காத்திருக்கும் மெகாலின் என்ற பெரிய புரதம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன பிறகுதான் கால்சிட்ரியால் தயாராகிறது. மெகாலின் இல்லாமல் பிறக்க வைத்த எலிகள் வைட்டமின் டியைச் சிறுநீரிலேயே இழந்தன. அவற்றின் எலும்புகள் வலுவிழந்தன. அதாவது, சிறுநீரகம் தனக்கு வேண்டிய மூலப்பொருளைச் சிறுநீராகப் போகவிருக்கும் திரவத்திலிருந்து மீட்டு எடுத்துக்கொள்கிறது. வினோதமான ஏற்பாடு. ஆனால் வடிப்பான் சரியாக இருக்கும்வரை பிசகாமல் நடக்கும் ஏற்பாடு.

லூபஸ் கெடுப்பது அந்த வடிப்பானைத்தான். டீ வடிகட்டியின் வலை கிழிந்துவிட்டால் தூளும் சேர்ந்து டம்ளரில் விழுவதைப் போல, சேதமான வடிப்பான் வழியாக ரத்தப் புரதங்கள் சிறுநீரில் கொட்டத் தொடங்குகின்றன. அப்படிப் போவதில் பிரதானம் ஆல்புமின். பிணைப்புப் புரதம் ஆல்புமினைவிடச் சற்றுச் சிறியது; ஆல்புமின் போகிற வழியில் அதுவும் போகிறது, முதுகில் வைட்டமின் டியைச் சுமந்துகொண்டு. மெகாலின் எவ்வளவுதான் பிடிக்கும்? வந்து குவியும் ஆல்புமினையும் அதே மெகாலின்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. நோய் நாள்பட்டுச் சிறுநீரகம் தழும்பேறினால், கால்சிட்ரியாலைத் தயாரிக்கும் நொதியும் குறையும். அந்தக் கட்டத்தில் ரத்தத்தில் பாஸ்பேட் தேங்காமல் பார்க்க எலும்பு சுரக்கும் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் கூடுகிறது. அதுவும் அதே நொதியை அடக்குகிறது.

மருந்துகளும் சும்மா இருப்பதில்லை. லூபஸ் நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், சேமிப்பு வடிவம் கால்சிட்ரியாலாக மாறுவதைக் குறைக்கக்கூடியது. 2001-இல் நெதர்லாந்தில் 25 லூபஸ் பெண்களிடம் நடந்த சிறு ஆய்வில், இந்த மாத்திரை எடுத்தவர்களுக்குக் கால்சிட்ரியால் குறைந்திருந்தது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. லூபஸ் மறுபடி சீறாமல் வைத்திருப்பதில் அதற்கு ஈடான பழைய மருந்து வேறில்லை.

இப்போது ஆய்வகச் சீட்டுக்கு வருவோம். சிறுநீரகப் பாதிப்புள்ள ஒருவருக்கு 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி 9 நானோகிராம் என்று வந்திருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

ரத்தத்தில் உள்ள வைட்டமின் டியில் 85 விழுக்காட்டுக்கு மேல் பிணைப்புப் புரதத்தோடும், மீதியில் பெரும்பகுதி ஆல்புமினோடும் ஒட்டியிருக்கிறது. கட்டில்லாமல் தனித்திருப்பது ஒரு விழுக்காட்டில் மிகச் சிறிய பின்னம். வழக்கமான பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவருக்குச் சுமக்கும் புரதமே குறைந்திருப்பதால் மொத்த எண்ணும் குறைந்துதான் தெரியும். செல்களுக்குக் கிடைக்கும் பங்கு அதே அளவுக்கு விழுந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் சிறுநீரகத் துறையினர் இதற்காகவே, புரதம் பெருமளவு போகும் நோயாளிகளிடம் மொத்த அளவோடு உடலுக்குக் கிடைக்கும் பங்கையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கிடைக்கும் பங்கும் குறைந்துதான் இருந்தது. எலும்பின் அடர்த்தியோடு ஒத்துப்போனதும் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பில் எங்காவது கடும் அழற்சி ஏற்பட்டாலே இந்த எண் சரிந்துவிடும். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஸ்காட்லாந்தில் பின்தொடர்ந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், கத்தி பட்ட ஓரிரு நாளிலேயே அளவு வெகுவாக இறங்கியது. அந்த இரண்டு நாளில் அவர்கள் வெயிலைத் தவிர்த்தார்கள் என்பதோ சாப்பாட்டில் குறை வைத்தார்கள் என்பதோ காரணமாக இருக்க முடியாது. லூபஸ் சீறும்போது நடப்பதும் அழற்சிதான். ஆகவே “வைட்டமின் டி குறைந்ததால் நோய் கூடியது” என்று ஒருவர் சொன்னால், “நோய் கூடியதால் வைட்டமின் டி குறைந்தது” என்று இன்னொருவர் அதே சீட்டைக் காட்டி வாதாடலாம். இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். இந்தத் துறையில் எழுதப்படும் கட்டுரைகளில் பல, இந்த முடிச்சை அவிழ்க்காமலே முடிவுரைக்குப் போய்விடுகின்றன.

கரோலினா ஆய்விலேயே இதற்கொரு எச்சரிக்கை இருந்தது. பங்கேற்ற கறுப்பினத்தவரின் சராசரி 15.9, வெள்ளையரின் சராசரி 31.3. லூபஸும் அதன் சிறுநீரகப் பாதிப்பும் கறுப்பினத்தவரிடம் கூடுதல் என்பதால், எது எதற்குக் காரணம் என்று பிரித்தெடுப்பது சுலபமாக இல்லை.

வைட்டமின் டிக்கும் நோய் எதிர்ப்பு அமைப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதற்கான முதல் தடயம் ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1981-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி எழுதினார்கள். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் கொண்ட அவருக்குச் சிறுநீரகங்களே இல்லை. விதிப்படி கால்சிட்ரியால் இருக்கக் கூடாது. ஆனால் ரத்தத்தில் அது ஏறிக் கிடந்தது, கால்சியமும் கூடவே. அப்படியானால் வேறு யாரோ தயாரிக்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அது மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்பு செல்களின் வேலை என்று காட்டின. 1983-இல் மனித வெள்ளை அணுக்களில் வைட்டமின் டிக்கான ஏற்பி இருப்பதும் தெரியவந்தது. இந்தச் செல்கள் தங்களுக்கு வேண்டிய கால்சிட்ரியாலைத் தாங்களே செய்துகொள்கின்றன; அதற்கு மூலப்பொருள் ரத்தத்தில் சுற்றும் அந்தச் சேமிப்பு வடிவம்.

ஆய்வகத் தட்டில் கால்சிட்ரியால் செய்யும் காரியங்களைப் பார்த்தால் லூபஸுக்கென்றே செய்த மருந்து போலத் தோன்றும். எதிர்ப்பைத் தூண்டிவிடும் செல்கள் முதிர்வதைத் தடுக்கிறது. எதிர்ப்பை அடக்கி வைக்கும் டி (T) செல்களை ஊக்குவிக்கிறது. பி செல்கள் எதிர்ப்புரதத் தொழிற்சாலையாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. லூபஸ் நோயாளிகளின் செல்களில் டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்புரத உற்பத்தியையே குறைக்கிறது. சிறுநீரகத்திலும் அதற்கு நல்ல பெயர் உண்டு: ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பை அது அடக்குகிறது என்று 2002-இல் எலிகளில் காட்டினார்கள். லூபஸ் வரும்படி வளர்க்கப்பட்ட எலிகளிலோ முடிவுகள் முரண்பட்டன. ஒரு வகை எலிக்குத் தோல் புண் குறைந்தது; இன்னொரு வகைக்குச் சிறுநீரகப் பாதிப்பு மோசமானது. தட்டில் நடப்பதை உடம்பில் எதிர்பார்த்து ஏமாந்த வரலாறு மருத்துவத்தில் நீளமானது.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது? பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மிஷெல் பெட்ரி 1987 முதல் நடத்திவரும் லூபஸ் நோயாளிகள் தொகுப்பிலிருந்து 2013-இல் வந்த ஆய்வு, இந்த விஷயத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. 1,006 பேரை 128 வாரம் பின்தொடர்ந்தார்கள். 40 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வாரம் 50,000 யூனிட் வைட்டமின் டி2 கொடுத்தார்கள். மொத்தப் பேரில் 76 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். அளவு 20 நானோகிராம் ஏறியபோது, நோய்த் தீவிரம் உயர்ந்த நிலையில் இருக்கும் வாய்ப்பு 21 விழுக்காடும், சிறுநீரில் கவலைப்படத்தக்க அளவு புரதம் போகும் வாய்ப்பு 15 விழுக்காடும் குறைந்தன. 40-ஐத் தாண்டி ஏற்றியதில் கூடுதல் பலன் தெரியவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரில் போன புரதத்தின் சராசரிக் குறைவு சில விழுக்காடு மட்டுமே. அதோடு, இந்த ஆய்வில் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. மாத்திரையை ஒழுங்காக எடுத்து அளவை ஏற்றிக்கொண்டவர்கள் மற்ற மருந்துகளையும் ஒழுங்காக எடுத்தவர்களாக இருக்கலாம். புரதக் கசிவு குறைந்ததால் வைட்டமின் டி ஏறியிருக்கலாம் என்ற பழைய முடிச்சும் அப்படியே இருக்கிறது.

அதை அவிழ்க்க வல்லது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் சோதனை ஒன்றே. எகிப்தில் 267 லூபஸ் நோயாளிகளுக்கு ஓராண்டு, நாளொன்றுக்கு 2,000 யூனிட் அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் எடுத்தவர்களுக்கு அழற்சிக் குறியீடுகளும் டிஎன்ஏ எதிர்ப்புரதமும் நோய்த் தீவிரமும் குறைந்தன. பிரேசிலில் இளவயதில் லூபஸ் வந்த 40 பேரில் ஒரு பாதிக்கு வாரம் 50,000 யூனிட் வீதம் 24 வாரம் கொடுத்தபோது நோய்த் தீவிரமும் களைப்பும் இறங்கின. அமெரிக்காவில் 57 பேரிடம் செய்த சோதனையின் முடிவு வேறு: 12 வாரம் நாளுக்கு 2,000 அல்லது 4,000 யூனிட் கொடுத்தும், லூபஸின் அடிநாதமான, இன்டர்ஃபெரான் என்ற அழற்சிப் புரதத்தின் தடயத்தில் அசைவே இல்லை. இத்தாலியில் 34 பெண்களிடம் கூடிய அளவையும் வழக்கமான அளவையும் ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் எண் ஏறியது, நோயில் மாற்றம் தெரியவில்லை.

இவற்றில் எதுவும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யப்பட்டதல்ல. அமெரிக்கச் சோதனையில் நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். ஆக, வடிப்பான் கிழிந்து புரதம் கொட்டும் நிலையில் உள்ளவருக்கு வைட்டமின் டி மாத்திரை சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்று அடித்துச் சொல்ல இந்த நான்கில் ஒன்றையும் ஆதாரமாகக் காட்ட முடியாது.

நோய் வராமல் தடுக்குமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய ஆண்கள், 55-ஐத் தாண்டிய பெண்கள் என 25,871 பேரிடம் நடந்த வைட்டல் சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. நாளுக்கு 2,000 யூனிட் வீதம் ஐந்தாண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் தன்னுடல் தாக்கு நோய்கள் மொத்தமாக 22 விழுக்காடு குறைந்தன. முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற பலவும் சேர்ந்த கணக்கு அது. லூபஸ் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் தலைகாட்டும் நோய். ஐம்பதைத் தாண்டியவர்களின் சோதனையிலிருந்து அதற்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இவ்வளவு சந்தேகம் இருந்தும் பற்றாக்குறையைச் சரி செய்யச் சொல்கிறார்களே, ஏன்? எலும்புக்காக. இந்த ஒன்றில் குழப்பம் கிடையாது. லூபஸ் உள்ள பெண்களுக்கு எலும்பு முறிவு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 1999-இல் 702 பேரை வைத்து அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். சிறுநீரகம் பாதித்தால் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் கூடிய அளவில், மாதக்கணக்கில் எடுக்க நேர்கிறது. அது எலும்பை அரிக்கும். கால்சிட்ரியால் குறைந்தால் கால்சியம் சேராது. கால்சியம் சேராவிட்டால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். மூன்று பக்கத்திலிருந்தும் அடி வாங்கும் எலும்புக்கு, சுலபமாகக் கொடுக்கக்கூடிய ஒன்றை மறுப்பதில் நியாயமில்லை.

எவ்வளவு என்பதில்தான் நம் ஊரில் தாராளம் அதிகம். மருந்துக்கடையில் 60,000 யூனிட் பொடிப் பொட்டலம் சீட்டில்லாமலே கைக்கு வருகிறது. வாரம் ஒன்று வீதம் சில வாரம் என்று எழுதிக் கொடுத்ததை நாள்தோறும் ஒன்று என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு. ஆறு லட்சம் யூனிட் ஊசியை ஒரே மூச்சில் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. பெரிய அளவை ஒரே தடவையில் ஏற்றுவது நல்லதல்ல என்பதற்கு 2010-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாடம் இருக்கிறது. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட்டும், மறுபாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். வைட்டமின் எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்குத்தான் அதிகம். லூபஸ் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வல்ல இது. ஆனால் கூடக் கொடுத்தால் கூட நன்மை என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைப்பது அரிது. ஏற்கெனவே சிறுநீரகம் தடுமாறும் ஒருவருக்குக் கால்சியம் எகிறினால் அந்தச் சிறுநீரகமே மேலும் அடிபடும்.

பரிசோதனையிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. செயல்படும் வடிவம் கால்சிட்ரியால்தானே, அதையே அளக்கலாமே என்று தோன்றும். அது ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். பாராதைராய்டு ஹார்மோன் ஏறி அதைத் தற்காலிகமாகத் தூக்கி நிறுத்தியிருக்கவும் கூடும். பற்றாக்குறையை அறிய அளக்க வேண்டியது 25-ஹைட்ராக்சி. அதில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கோடு. அதற்கு மேல் எவ்வளவு வேண்டும் என்பதில் நிபுணர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. 30 இருக்க வேண்டும் என்று 2011-இல் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024-இல் அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டது. சிறுநீரகத்தின் செயல்திறன் வெகுவாகக் குறைந்துவிட்டவர்களுக்குச் சாதாரண வைட்டமின் டி போதாமல், ஆல்ஃபாகால்சிடால் அல்லது கால்சிட்ரியாலைச் சிறுநீரக மருத்துவர் எழுதக்கூடும். அவை சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைத் தாண்டிச் செல்பவை. அதனாலேயே கால்சியத்தைக் கண்காணிக்காமல் எடுக்கக் கூடாதவை.

உணவில் மத்தி, முட்டையின் மஞ்சள் கரு, வைட்டமின் சேர்த்த பால் ஆகியவை உதவும். பால் பாக்கெட்டில் நீல நிற +எஃப் முத்திரை இருந்தால் ஊட்டம் சேர்த்தது என்று அர்த்தம். ஆனால் சாப்பாட்டை மட்டும் நம்பி 9-ஐ 25 ஆக்கிவிட முடியாது. காலை வெயிலில் அரைமணி நில்லுங்கள் என்று பக்கத்து வீட்டார் சொல்லும் யோசனை, மற்றவருக்கு நல்லது. லூபஸ் உள்ளவர் அதைக் கேட்டுக்கொண்டு நிழலிலேயே நிற்பது நல்லது.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்ற நிலை பலருக்கு உண்டு. வைட்டமின் டி பரிசோதனைக்குப் பல ஆய்வகங்களில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க அதில் ஒரு பங்குதான் ஆகும். லூபஸ் உள்ளவர்கள் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையை, உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். அந்த விகிதம் 0.5-ஐத் தாண்டினால் பயாப்ஸி தேவையா என்று அன்றே கேளுங்கள். வைட்டமின் டி எண் எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.